சுற்றுகிற வட்டம் சரியாக இருந்தால்தான் சிக்னல் தங்கும்
ஃபைபர் கேபிளைச் சுருட்டும் முறையும் அதற்கான கருவிகளும்: விழிப்புணர்வு உரையின் எழுத்து வடிவம்



இன்னைக்கு நான் எடுத்துக்கிட்ட தலைப்பைக் கேட்டா கொஞ்சம் சிரிப்பு வரலாம். கேபிள் சுருட்டுவது எப்படி? இதுக்கு ஒரு உரையா? கயிறு சுருட்டத் தெரிஞ்ச எல்லாருக்கும் கேபிளும் சுருட்டத் தெரியும்தானே?

அங்கதான் விஷயமே இருக்கு. கயிறு மாதிரி சுருட்டக் கூடாத ஒரு கேபிள் இப்போ நம்ம வீட்டுச் சுவருக்கே வந்துவிட்டது. அதுதான் கண்ணாடி இழைக் கேபிள், பேச்சு வழக்கில் ஃபைபர். நான் பொறியியல் படித்த ஆள் இல்ல, இதழியல் படித்துவிட்டு தகவல் துறையில் எழுதுகிற ஆள். அதனால டெக்னீஷியன்கள் பேசுவதைக் கேட்டு, உங்களுக்கும் எனக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன்.

இது ஏன் உங்க பிரச்சினை?

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பாரத்நெட் திட்டப் பணியை, மாநில அரசின் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம், அதாவது டான்ஃபிநெட், செய்துவருகிறது. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கிறோம், முதியோர் ஓய்வூதியத்துக்குப் பதிவு செய்கிறோம், பிள்ளைக்குக் கல்லூரி விண்ணப்பம் போடுகிறோம். இதுல பெரும்பாலானது கடைசியில் ஒரு மெல்லிய கண்ணாடி நூல் வழியாகத்தான் போகிறது. கடைசித் தேதி அன்னைக்கு "சர்வர் டவுன்"னு பலகை தொங்கும்போது, சர்வர் நல்லாத்தான் இருக்கும். மேசைக்குப் பின்னாடி நாற்காலிக் கால் நசுக்கின ஒரு வளையம்தான் காரணமா இருக்கலாம்.

வீட்டிலும் இதே கதைதான். மாதாமாதம் பணம் கட்டுகிறீங்க. வேகம் வரலைன்னா கம்பெனியைத் திட்டுகிறோம், ரவுட்டரைத் தட்டுகிறோம். ரவுட்டருக்குப் பின்னால் சுருண்டு கிடக்கிற கேபிளை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

கேபிளுக்குள்ள என்ன இருக்கு?

உறையெல்லாம் உரித்துவிட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது 0.125 மி.மீ. தடிமன் கொண்ட கண்ணாடி இழை. ஏறக்குறைய தலைமுடி அளவு. அதிலும் ஒளி ஓடுகிற நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். அப்போ அந்தப் பாதை எவ்வளவு குறுகலானதுன்னு பாருங்க.

வளைந்த கண்ணாடி இழைக்குள் ஒளியைக் கொண்டுபோக முடியும் என்பதை 1950-களில் ஆய்வு செய்து காட்டியவர்களில் ஒருவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. கண்ணாடியைச் சுத்தமாகச் செய்தால் இதிலேயே தொலைத்தொடர்பும் நடத்தலாம் என்று 1966-ல் சொன்னவர் சார்லஸ் காவ். அவருக்கு 2009-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்னைக்கு நல்ல ஃபைபரில் ஒரு கிலோமீட்டருக்கு ஒளி இழப்பு 0.2 டெசிபல் அளவுக்குக் குறைந்துவிட்டது. அதாவது 15 கிலோமீட்டர் போனபிறகும் பாதி ஒளி மிச்சம் இருக்கும்.

இவ்வளவு அருமையான கண்ணாடியை நாம் எப்படிக் கெடுக்கிறோம்? வளைத்துத்தான்.

வளைத்தால் என்ன ஆகும்?

கொல்லிமலைக்கு வண்டியில் போயிருக்கீங்களா? 70 கொண்டை ஊசி வளைவுகள். அகலமான வளைவில் வண்டி தன் தடத்திலேயே திரும்பும். குறுகின வளைவில் அதே வேகத்தில் போனால் சாலையை விட்டு வெளியே போயிடும். ஒளியும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதுக்கு பிரேக் கிடையாது. வளையம் பெரிதாக இருந்தால் உள்ளேயே ஓடும். சிறிதாகச் சிறிதாக, ஒளி நடுப்பகுதியை விட்டு வெளியே கசியும்.

எவ்வளவு கசியும்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் தர அளவையே பார்ப்போம். வழக்கமான ஜி.652 வகை இழையை 30 மி.மீ. ஆரத்தில் 100 சுற்று சுற்றினாலும் இழப்பு 0.1 டெசிபலைத் தாண்டக் கூடாது. அதாவது 6 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தில் இந்த இழை நிம்மதியாக இருக்கும்.

வீடுகளுக்காகவே கொஞ்சம் வளைவைத் தாங்குகிற ஜி.657 வகை வந்திருக்கு. அதில் ஏ1 பிரிவுக்கு 10 மி.மீ. ஆரத்தில் ஒரே ஒரு சுற்றுக்கு 0.75 டெசிபல் வரை இழப்பு அனுமதி. கணக்குப் போட்டுப் பாருங்க. கிலோமீட்டருக்கு 0.2 என்றால், அந்த ஒரு சின்னச் சுற்று 3 கிலோமீட்டருக்கும் அதிகமான கேபிளுக்குச் சமம். வளைவைத் தாங்கும் இழைக்கே இந்தக் கதி. சாதாரண இழையை அப்படிச் சுற்றினால் இழப்பு இன்னும் பல மடங்கு.

"கொஞ்சம் ஒளி போனால் போகட்டுமே"ன்னு நினைக்கலாம். ஆனா நம்மகிட்ட மிச்சம் அதிகம் கிடையாது. தெருவுக்கு வரும் ஒரு இழையை ஸ்பிளிட்டர் என்ற சின்னக் கருவி பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. 32 வீடுகளுக்குப் பிரித்தால், அந்தப் பிரிவுக்கே 15 டெசிபலுக்கு மேல் போயிடும். பரவலாகப் பயன்படும் வீட்டு இணைப்பு முறையில் மொத்தமாகத் தாங்கக்கூடிய இழப்பே 28 டெசிபல்தான். மீதியில்தான் தூரம், இணைப்பு முனைகள், ஒட்டுகள் எல்லாம் அடங்கணும். அதுக்கு நடுவில் நம்ம வீட்டு வளையம் மூணு டெசிபலைத் தின்றால், வரவேண்டிய ஒளியில் பாதி காலி.

இன்னொரு ஆபத்து உடனே தெரியாது. இறுக்கமாக வளைந்த கண்ணாடியின் வெளிப்பக்கம் எப்போதும் இழுபட்டபடியே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் அந்த இழுவையிலும் காற்றின் ஈரத்திலும் மெல்ல மெல்ல வளரும். இன்னைக்கு நல்லா வேலை செய்யும், சில வருஷம் கழித்து ஒரு நாள் தானாகவே முறியும். அன்னைக்கு யாரும் கேபிளைத் தொட்டிருக்க மாட்டாங்க. அதனால காரணமும் யாருக்கும் புரியாது.

அளவை மாற்றக்கூடிய சுற்றுக் கருவிகள் எதுக்கு?

இப்போ கருவிக்கு வருவோம். வளையம் பெரிதாக இருக்கணும், சரி. எவ்வளவு பெரிதாக? எல்லாக் கேபிளுக்கும் ஒரே பதில் கிடையாது. தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லாத இடத்தில், துறையில் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு இது: அசையாமல் கிடக்கிற கேபிளின் வளைவு ஆரம், அதன் வெளி விட்டத்தைப் போல 10 மடங்கு இருக்கணும். இழுத்துக்கொண்டு இருக்கும்போது 20 மடங்கு.

அதன்படி ரவுட்டருக்குப் போகும் 3 மி.மீ. கேபிளுக்கு 30 மி.மீ. ஆரம் போதும். தெருவில் போகும் 12 மி.மீ. கேபிளுக்கு 120 மி.மீ. வேணும், இழுக்கும்போது 240 மி.மீ. ஒரே அளவு உருளையை வைத்துக்கொண்டு இரண்டையும் சுற்ற முடியாது. அதனாலதான் அளவை மாற்றக்கூடிய கருவிகள் வந்தன. நாலு வகையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் வகை, மேசையில் வைக்கிற சுற்றுப் பலகை. ஒரு தட்டு, அதில் நீளமான பிளவுகள், பிளவில் நகர்கிற முளைகள். திருகைத் தளர்த்தி முளைகளை உள்ளேயும் வெளியேயும் நகர்த்தி, வேண்டிய விட்டத்துக்கு வைத்து இறுக்கிவிட்டால் போதும். யார் சுற்றினாலும் வளையம் அந்த அளவுக்குக் கீழே போகாது. கைப்பழக்கத்தை நம்பாமல் அளவை நம்புவதுதான் இதன் பயன்.

இரண்டாவது, கேபிள் தயாரிக்கும் இடங்களில் இருக்கும் சுற்றும் இயந்திரம். அதன் கைகள் விரியும், சுருங்கும். எத்தனை மீட்டர் என்று எண்ணிச் சுற்றும். சுற்றி முடித்ததும் கைகள் உள்பக்கம் மடங்கிவிடும். வளையம் தானாகத் தளர்ந்து கையில் வரும், பிடித்து இழுக்க வேண்டியதில்லை. சுற்றும்போது கவனமாக இருந்துவிட்டு, கழற்றும்போது இழுத்துக் கெடுப்பதை இது தடுக்கிறது.

மூன்றாவது, தெருவில் நீங்களே பார்த்திருக்கக்கூடிய டிரம் ஸ்டாண்டு. பெரிய மரச் சக்கரம் மாதிரி இருக்கிற கேபிள் டிரம்மைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துவது. டிரம்மின் உயரத்துக்கு ஏற்ப இரண்டு பக்கமும் ஏற்றி இறக்கலாம். நல்ல ஸ்டாண்டில் பிரேக்கும் இருக்கும். அது இல்லைன்னா, இழுப்பதை நிறுத்தியபிறகும் டிரம் சுற்றிக்கொண்டே இருக்கும், கேபிள் கொழகொழவென்று தரையில் கொட்டி முடிச்சு விழும்.

நான்காவது, சோதனைக்கான உருளைகள். பல விட்டங்களில் இருக்கும் இவற்றில் இழையைச் சில சுற்றுகள் சுற்றி, எவ்வளவு ஒளி போகிறது என்று அளப்பார்கள். நான் முன்னாடி சொன்ன தர எண்களெல்லாம் இப்படிச் சோதித்துப் பார்க்க வைத்த எல்லைகள்தான்.

முழங்கையில் சுற்றாதீங்க

கிணற்றுக் கயிறு, மோட்டார் ஒயர் எல்லாவற்றையும் நாம் எப்படிச் சுருட்டுவோம்? கட்டைவிரலுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றிச் சுற்றி. ஃபைபருக்கு இது இரண்டு விதத்தில் கெடுதல். கட்டைவிரல் பக்கம் வளைவு ரொம்பக் குறுகல். அதோடு ஒவ்வொரு சுற்றுக்கும் கேபிளில் ஒரு முறுக்கு ஏறும். பத்து சுற்றுக்குப் பிறகு அவிழ்த்து நேராக இழுத்தால், அந்தப் பத்து முறுக்கும் ஒரே இடத்தில் திரண்டு சுருக்கு விழும். தோட்டத்து டியூபில் பார்த்திருப்பீங்க, மடிந்து தண்ணீர் நின்றுபோகும். டியூபை உதறிவிடலாம், கண்ணாடியை உதற முடியாது.

அதனால்தான் தெருவில் நீளக் கேபிளை வெளியே எடுத்துப் போடும்போது தரையில் 8 வடிவத்தில் அடுக்குகிறார்கள். 8-ன் ஒரு பாதியில் ஏறிய முறுக்கு மறு பாதியில் இறங்கிவிடும். அடுத்த முறை சாலையோரம் கருப்புக் கேபிளை 8 போட்டு வைத்திருந்தால், அது விளையாட்டு இல்லன்னு உங்களுக்குத் தெரியும். அதன்மேல் வண்டியை ஏற்றாமல் ஒதுங்கிப் போங்க.

கம்பத்தில் வட்டமாகக் கட்டித் தொங்குகிற கேபிளும் வீணாக விட்டது இல்ல. நாளைக்கு எங்காவது அறுந்தால், இரண்டு முனையையும் கீழே இறக்கி உருக்கி ஒட்டுவதற்குக் கூடுதல் நீளம் வேணும். அதற்கான சேமிப்புதான் அந்த வளையம். அதில் பேனர் கட்டாதீங்க.

உங்க வீட்டில் என்ன செய்யலாம்?

வீட்டுக்கு இந்தக் கருவியெல்லாம் வாங்க வேண்டாம். அளவுகோல் ஏற்கெனவே உங்க கையில் இருக்கு. ஸ்மார்ட்போனின் அகலம் ஏறக்குறைய 7 செ.மீ., நீளம் 15 செ.மீ.க்கு மேல். இதை வைத்து ஒரு எளிய விதி:

ரவுட்டருக்கு வரும் மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளைக் கேபிளின் வளையம், போனின் அகலத்தைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது.

வெளியிலிருந்து வரும் கருப்புக் கேபிளின் வளையம், போனின் நீளத்தைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது.

வளையத்துக்கு நடுவில் போனை வைத்துப் பாருங்க, வேலை முடிந்தது. பட்டையாக இருக்கும் கருப்புக் கேபிளை அதன் தட்டையான பக்கமாக மட்டும் வளைக்கணும், விளிம்புப் பக்கமாக மடக்கக் கூடாது.

புது இணைப்பு கொடுக்க வரும் தம்பியிடம் இவற்றைக் கேட்டுச் செய்துகொள்ளுங்க. அவர் அவசரத்தில் இருப்பார், ஒரு நாளில் பல வீடு பார்க்கணும். மரியாதையாகக் கேட்டால் செய்து கொடுப்பார்.

1. மிச்சக் கேபிளை அளவான வளையமாகச் சுற்றி, சுவர்ப் பெட்டிக்குள்ளோ சுவரிலோ வைக்கச் சொல்லுங்க. ரவுட்டருக்கு அடியில் திணிக்க வேண்டாம்.

2. பிளாஸ்டிக் டை போட்டு இறுக்க வேண்டாம். ஒட்டிப் பிரிக்கக்கூடிய துணிப் பட்டை போதும். வளையம் அதற்குள் லேசாக நகரணும்.

3. கதவு, ஜன்னல் இடுக்கு வழியாகக் கேபிள் வர வேண்டாம். தனித் துளை போட்டு, மூலையில் அகலமாகத் திருப்பச் சொல்லுங்க. சுவர் மூலையில் 90 டிகிரிக்கு அழுத்தி ஆணி அடித்தால், அதுதான் நாளைய பழுது.

4. வேலை முடிந்ததும் உங்க இணைப்பில் ஒளி அளவு எவ்வளவுன்னு கேட்டு, அந்தத் திரையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்க.

இந்த நாலாவதுதான் முக்கியம். ஒளி அளவு மைனஸ் எண்ணாக வரும். பரவலாக உள்ள வீட்டு இணைப்புகளில் மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் இடையில் இருக்கணும். மைனஸ் 27-ஐ நெருங்கினால் விளிம்பில் நிற்கிறீங்கன்னு அர்த்தம். பல ரவுட்டர்களின் செட்டிங்ஸ் பக்கத்திலேயே இந்த எண் தெரியும். முதல் நாள் மைனஸ் 20 இருந்தது, இப்போ மைனஸ் 24 என்றால், வந்துகொண்டிருந்த ஒளியில் பாதிக்கும் மேல் வழியில் எங்கேயோ போகிறது. புகார் சொல்லும்போது "நெட் ஸ்லோ"ன்னு சொல்வதைவிட இந்த இரண்டு எண்ணைச் சொல்லிப் பாருங்க. பேச்சு நேரா விஷயத்துக்கு வரும்.

சிவப்பு விளக்கு எரிந்தால்

ரவுட்டரில் எல்.ஓ.எஸ். என்ற இடத்தில் சிவப்பு விளக்கு மின்னினால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவதற்கு முன், கேபிளைக் கண்ணால் தொடர்ந்து பாருங்க. எங்கயாவது மடிப்பு, நசுங்கல், கட்டில் கால், அலமாரிக் கதவு? இருந்தால் மெதுவாகத் தளர்த்தி, வளையத்தைப் பெரிதாக்கிச் சில நிமிஷம் பாருங்க. விளக்கு அணைந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அணையவில்லை என்றால் அதோடு நிறுத்திக்கொண்டு புகார் செய்யுங்க.

செய்யக் கூடாதவை மூணு.

ஒன்று, கேபிளின் முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்து உள்ளே பார்க்காதீங்க. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளி. டிவி ரிமோட்டின் ஒளி போன் கேமராவில் தெரியும், ஆனா ஃபைபரின் ஒளி போன் கேமராவிலும் தெரியாது. "ஒண்ணும் தெரியலையே"ன்னு நம்பிப் பார்க்க வேண்டாம். பிள்ளைகளிடமும் சொல்லி வைங்க.

இரண்டு, முறிந்த கேபிளை உரித்து நீங்களே ஒட்ட முயலாதீங்க. கண்ணாடித் துணுக்கு தோலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது, எடுப்பதும் கஷ்டம். செல்லோ டேப் சுற்றினால் ஒயர் வேண்டுமானால் ஓடும், ஒளி ஓடாது.

மூன்று, வெளியே தொங்கும் கருப்புக் கேபிளை நீங்களே ஏறி இழுத்துக் கட்டாதீங்க. பலவற்றில் தாங்குவதற்கு இரும்புக் கம்பி இருக்கும். பக்கத்தில் மின்கம்பி போனால் உயிருக்கே ஆபத்து.

புகார் எப்படி?

முதலில் உங்க இணைப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்க. எண் இல்லாத புகார் புகாரே இல்ல. அங்கே தீரவில்லை என்றால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளத்திலும் தொலைத்தொடர்புத் துறைக்குப் பதிவு செய்யலாம். உங்க ஊர் இ-சேவை மையத்தில் அரசுச் சேவை அடிக்கடி தடைப்பட்டால், முதல்வரின் முகவரி உதவி எண் 1100-ல் சொல்லுங்க.

இ-சேவை மையம் நடத்துகிற அண்ணன், அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாரத்துக்கு ஒருமுறை, கூட்டும்போதே மேசைக்குப் பின்னால் ஒரு பார்வை பாருங்க. துடைப்பம் மாட்டி இழுபடுவதும், பெட்டியை நகர்த்தும்போது நசுங்குவதும் அங்கேதான். அந்தக் கேபிளை ஆள் கால் படாத உயரத்தில் அளவான வளையமாகச் சுவரில் மாட்டிவிட்டால், கூலி வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிற ஒருத்தரை "நாளைக்கு வாங்க"ன்னு திருப்பி அனுப்ப வேண்டியிருக்காது.

கண்ணாடி இழை, கடல்தாண்டி கண்டம்தாண்டிச் செய்தி கொண்டுவருகிறது. அவ்வளவு தூரம் வந்தது, நம்ம வீட்டு ரவுட்டருக்கு முன்னாடி இருக்கிற கடைசி ஒரு மீட்டரில் நின்றுபோகக் கூடாது. இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய், போனைக் கையில் எடுத்து, அந்த வளையத்துக்கு நடுவில் வைத்துப் பாருங்க. சின்னதாக இருந்தால், இன்னைக்கே கொஞ்சம் தளர்த்தி விடுங்க.